கட்டில் பலகையில் ஒரு அம்பாசிடர்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் நல்ல பனி. பால்கனிக் கம்பியெல்லாம் ஈரம். துணி காய்ந்த மாதிரிதான்.

இன்று முதல் இரண்டு வாரம் எங்கள் கம்பெனி யூனிட்டுக்கு லீவு. புது மாடல் வருகிறதாம். லைனையே பிரித்து மாற்றிப் போடுகிறார்கள். ஊரடங்கை விட்டால், பையன் பிறந்ததற்குப் பிறகு இவ்வளவு நீளமான லீவு இதுதான். அவனே இப்போது கோவையில் காலேஜ் படிக்கிறான்.

லீவில் செய்ய வேண்டியவை:
அரிசி டப்பா கழுவி வெயிலில் வைக்க.
பரண்.
அ.வின் டிராக் பேண்ட் இரண்டு, தையல் விட்டது.
தூக்கம். நிறைய.

அ. என்றால் அந்தோணி, என் வீட்டுக்காரர். ஆவடியில் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். இந்த டைரியும் அவர் ஸ்கூலில் கொடுத்ததுதான். அவர் எழுதமாட்டார், கழுத்தில் தொங்கும் விசிலை ஊதத்தான் தெரியும்.

லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ். "பிப். 15 ஞாயிறு காலை பத்து மணிக்குள், தானாக நகராத வாகனங்கள் வளாகத்திலிருந்து அகற்றப்படும்." பார்க்கிங்கில் புதுக் கோடு போடப்போகிறார்களாம். பன்மையில் எழுதியிருக்கிறார் செக்ரட்டரி. எண்பது வீடு இருக்கும் இந்த வளாகத்தில் தானாக நகராதது ஒன்றே ஒன்று. எங்கள் அம்பாசிடர். பெயர் போடாத அளவுக்கு நாகரிகமானவர்.

(குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி: கார்த்திகேயன். இனி செ. திருப்பூர்க்காரர், மூன்றாவது மாடி, கம்ப்யூட்டர் வேலை. சட்டையை இஸ்திரி போடாமல் குப்பை கொட்டக்கூட வரமாட்டார்.)

அ. நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். மேலே வந்து நாலு இட்லியோடு எழுந்துவிட்டார். வழக்கம் எட்டு.

"போனா போவுது ஜெசி. வெறும் துருதான."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிப். 3, செவ்வாய்

பனி இல்லை. சாம்பாருக்கு முருங்கை.

அந்த வண்டி என்னைவிட எட்டு வயது மூத்தது. ஆவடியில் ஒரு டாக்டரிடமிருந்து ஆசை ஆசையாக வாங்கினார் அ. மூன்றே மாதம் ஓட்டினார். ஊரடங்கு வந்தது, வண்டி நின்றது, எலி குடியேறியது. மனுஷர்கள் வெளியே வந்த பிறகும் எலி வரவில்லை.

இன்று பூந்தமல்லி மெக்கானிக்குக் கடைசியாக ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"எஞ்சினு ஜம்முனு கீது மாஸ்டர். ஒயரைத்தான் பூரா எலி துன்னுட்ச்சு. இந்த மாடலுக்கு ஒயரிங் செட்டு எங்கியும் கெடைக்காது. பேசாம இரும்புக்குத் தூக்கிடு."

அ. "சரிப்பா" என்று போனை வைத்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"நான் போடுறேன்."

"இன்னாத்த?"

"ஒயரிங்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தொரு வருஷமாக நான் செய்வது அதுதானே. கார்களுக்கு ஒயரிங். நாங்கள் ஹார்னஸ் என்போம். சாய்ந்த போர்டு நகர்ந்துகொண்டே வரும், நாங்கள் ஆளுக்கொரு ஸ்டேஷனில் நிற்போம். ஒருத்தி நாலு ஒயர் வைப்பாள், அடுத்தவள் நாலு. ஒன்பதாவது ஸ்டேஷன் நான். முழங்கை மாதிரி வளையும் ஓர் இடத்தில் டேப் சுற்றவேண்டும். சுற்றி முடித்தால் அடுத்த போர்டு. கடைசியில் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். எந்த வண்டியில் ஏறியது, விளக்கு எரிந்ததா, ஒன்றும் தெரியாது.

இதை யாரிடமும் சொன்னதில்லை, கேட்டால் சிரிப்பார்கள். முதல் ஒயரிலிருந்து கடைசி ஒயர்வரை நானே ஒரு வண்டிக்குப் போட்டு, அது எரிவதை என் கண்ணால் பார்க்கவேண்டும். ஒரே ஒரு தடவை.

பன்னிரண்டு நாள் இருக்கிறது. பரண் போய்த் தொலையட்டும்.

பிப். 4, புதன்

வெயில். பார்க்கிங் மட்டும் குகை மாதிரி குளிர்ச்சி.

பானெட் திறக்கவில்லை. உள்ளே பூட்டை இழுக்கும் கேபிள் துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது. அ. கெஞ்சினார், அதட்டினார், ஸ்கூல் பையன்களை மிரட்டுவது மாதிரி விசிலும் அடித்தார். அது அசையவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கோரைப்பாயை விரித்து வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துவிட்டேன். டார்ச் பிடிக்கும் உத்தியோகம் அ.வுக்கு, ஸ்கூலுக்குப் பதினைந்தாம் தேதிவரை லீவு சொல்லிவிட்டார்.

கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. பழைய ஒயர் எங்கே தொடங்குகிறது, எங்கே கிளை பிரிகிறது, எந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைகிறது. அப்படியே அட்டையில் வரைந்தேன். நீளம் அளக்கப் பூக்கட்டும் நூல். ஒயர் போன வழியெல்லாம் நூலை விட்டு, கிளை பிரியும் இடத்தில் ஒரு முடிச்சு. டேஷ்போர்டுக்கும் அதே வைத்தியம். கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்து மல்லாந்து பார்த்து வரைந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

எலிக் கூட்டில் கிடைத்தவை: சீட்டுப் பஞ்சு, மிட்டாய்க் காகிதம், பையனின் பள்ளிக்கூட ஐ.டி. கார்டு கயிறு, ஒரு கடலை உருண்டை. முழுசாக. அதை ஏன் விட்டுவைத்தது என்று தெரியவில்லை.

அந்தப் பக்கமாக வந்த செ. கீழே தெரிந்த என் கால்களைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"ஏனுங், யாருங் அது? அடிபட்டுருச்சுங்களா?"

"நான்தான் சார், ஜெசிந்தா. ஒயரிங் பாத்துகினு கீறேன்."

குனிந்து எட்டிப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம பத்து மணிங்க்கா" என்று நினைவுபடுத்திவிட்டு லிஃப்டுக்குப் போனார். உதவியாகத்தான் சொன்னார் போலிருக்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிப். 5, வியாழன்

பஸ்ஸில் அம்பத்தூர் ஓ.டி., பிறகு புதுப்பேட்டை, பழைய கார்ச் சாமான் கடைகள். வாங்கியவை:
ஒயர் ஏழு நிறம், மெல்லியதும் தடித்ததும்.
டெர்மினல் (ஒயர் முனையில் மாட்டும் பித்தளைக் காது) ஒரு பொட்டலம்.
துணி டேப் பெரிய ரோல் ஆறு.
ஃபியூஸ் பெட்டி. கடைக்காரர் ஊதித் துடைத்துக் கொடுத்தார், அவ்வளவு பழசு.
டெர்மினல் அழுத்தும் கட்டிங் பிளேயர் மாதிரி ஒன்று. கையில் பிடித்துப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

கடைக்காரர் அ.வைப் பார்த்தே பேசினார். "எந்த மெக்கானிக் போடுறாரு?" அ. மார்பை நிமிர்த்தி என்னைக் காட்டினார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுருளிலிருந்து ஒயரைக் கொஞ்சம் தாராளமாகவே அளந்தார்.

கனகா போன். எனக்கு அடுத்த ஸ்டேஷன் அவள், பத்தாவது. மேனாம்பேட்டில் இருக்கிறாள். கேட்டதும் ஒரே கூச்சல்.

"ஜெசிக்கா! முழு வண்டியா? என் லாக்கர்ல டேப்பு ரெண்டு ரோலு கீதுக்கா, எடுத்துகினு வரட்டா?"

"வேணாண்டி. இது என் வண்டி. கம்பெனி டேப்பு ஒரு அங்குலம்கூட வேணாம்."

"அப்ப கைய மட்டும் எடுத்துகினு வரேன். ஞாயித்துக்கெழம."

பிப். 6, வெள்ளி

போர்டு வேண்டும். ஏழடிக்குக் குறையாமல். வீட்டில் அந்த நீளத்துக்கு இருக்கும் ஒரே பலகை கட்டில் பலகை. கழற்றிவிட்டோம். ஹாலில் டி.வி. முன்னால் நாற்காலிகள் மேல் சாய்த்து நிறுத்தியாகிவிட்டது. வரைந்த அட்டைகளை அதில் ஒட்டி, வளைவுக்கு வளைவு ஆணி.

ஆணி அடிக்கும் சத்தத்துக்குக் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்தது. அ. போய் ஏதோ சொல்லி அனுப்பினார். என்ன சொன்னீர்கள் என்றால், "ஒய்ஃப் கார் செய்றான்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல" என்கிறார்.

சாப்பாடு அடுப்படியில் நின்றுகொண்டே. படுக்கை தரையில். அ. புரண்டு புரண்டு படுத்துவிட்டு, "இதுக்கு அந்த வண்டியிலயே படுக்கலாம்" என்றார். திரும்ப எட்டு இட்லிக்கு வந்துவிட்டார் என்பதையும் இங்கே எழுதவேண்டும்.

பிப். 7, சனி

நாள் பூரா ஒயர் வெட்டல். நூலைப் பலகையில் வைத்து, முடிச்சுக்கு முடிச்சு அளந்து, கூட ஒரு சாண் விட்டு. ஒவ்வொன்றுக்கும் பேப்பர் டேப்பில் பெயர். இடது ஹெட்லைட். வலது ஹெட்லைட். ஹாரன். வைப்பர். ஐம்பத்துமூன்று துண்டு வந்தது.

அ. ஸ்டாப்வாட்ச்சை எடுத்துவந்து ஒரு டெர்மினல் அழுத்த எனக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தார். நாலு வினாடி. அவரும் முயன்றார். ஒன்றரை நிமிஷம், கூடவே விரல் நசுங்கல். மருந்து போட்டேன். "ஸ்கூல் ரெக்கார்டு இது" என்று விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிகிறார்.

பிப். 8, ஞாயிறு

முதல் பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. கோயில் சுவரில் மைக் ஒயர் தொங்கலாகப் போகிறது, கிளிப்பே இல்லை. பூசை முழுக்க என் கண் அதில்தான். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பத்து மணிக்குக் கனகா வந்தாள். பலகையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது... இது ஃபுல்லாக்கா?"

"ஃபுல்லு. முதல்லயிருந்து கடைசிவரைக்கும்."

இரண்டு பேரும் பலகைக்கு முன்னால் நின்றோம். கை பழக்கத்தில் நான் இடதுபக்கம், அவள் வலதுபக்கம். ஒரு ஒயர் வைத்து, ஆணிகளுக்கு நடுவே இழுத்து, கடைசிவரை கொண்டுபோய் விட்டேன். முதல் ஸ்டேஷன் வேலை. உடனே அடுத்தது, இரண்டாவது ஸ்டேஷன். நான் எப்போதும் ஒன்பதில் நிற்பவள், இன்று ஒன்றிலும் நின்றேன், நாலிலும் நின்றேன், பதினாறிலும் நின்றேன். ஹால் முழுக்க நடந்தேன். போர்டு நகரவில்லை, நான் நகர்ந்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத வரவில்லை.

கனகா பாடிக்கொண்டே வேலை செய்தாள். லைனில் பாடினால் திட்டு விழும். இங்கே யார் கேட்பது.

அ. வஞ்சிரம் வாங்கிவந்து குழம்பு வைத்தார். உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை. கனகா மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

பிப். 9, திங்கள்

டேப் சுற்றல். காலையிலிருந்து மாலைவரை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவேன். வளைவு வரும்போது மட்டும் என் ஸ்டேஷன் ஞாபகம். அங்கே கொஞ்சம் அதிக அழகாகவே சுற்றினேன்.

கட்டைவிரலில் கொப்புளம்.

பிப். 10, செவ்வாய்

முடிந்தது!! பலகையிலிருந்து கழற்றித் தூக்கினேன். கறுப்பாக, கிளைகிளையாக, கனமாக. அ.வும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஹாலில் ஒரு சுற்று நடந்தோம். கொடி பிடித்து ஊர்வலம் போகிற மாதிரி.

லைனில் முடிந்த ஹார்னஸுக்கு மேல்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார்கள். செக்கிங்கில் அந்தப் புள்ளி மேலே இருக்கவேண்டும். கீழே இருந்தால் ரிஜெக்ட், போர்டையே நிறுத்திவிடுவார்கள். அ.வின் ஸ்கூல் பையில் ஒயிட்னர் இருந்தது. நானும் ஒரு புள்ளி வைத்தேன். கம்பீரமாக இருந்தது.

அரிசி டப்பா இன்னும் கழுவவில்லை.

பிப். 11, புதன்

மெக்கானிக்கே நேரில் வந்தார், வேடிக்கை பார்க்க. முன்கம்பி இடுக்கில் நீளமான கொக்கி ஒன்றை விட்டுத் துழாவி, டக்கென்று பானெட்டைத் திறந்துவிட்டார். புது கேபிளும் மாட்டிக் கொடுத்தார். எஞ்சினை ஒருதடவை தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல. மேலே ஹாலுக்கு வந்து ஹார்னஸைப் பார்த்தவர், கையை லுங்கியில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.

"யம்மா, நீ போட்டதா இது?"

"ஆமாண்ணா."

"எங்கிட்ட ரெண்டு ஆர்டர் கீது, செய்யிறியா?"

அ. "மொதல்ல எங்களுது எரியட்டும்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாளைக்கு வண்டியில் ஏற்றவேண்டும்.

பிப். 12, வியாழன்

மேகமூட்டம். இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலை ஒன்பது. பானெட் திறந்திருக்கிறது. ஹார்னஸைப் புள்ளி மேலே வரும்படி உள்ளே இறக்கினேன். இடது ஹெட்லைட்டுக்குப் போகவேண்டிய கிளை வலதுபக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. வலது ஹெட்லைட் கிளை இடதுபக்கம். ஹாரன் கிளை பேட்டரிக்குப் போகிறது, பேட்டரி கிளை ஹாரனுக்கு. ஒன்று இரண்டு இல்லை, எல்லாமே எதிர்ப்பக்கம்.

புரிய ஒரு நிமிஷம் ஆனது. நான் வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு வரைந்திருக்கிறேன். கீழேயிருந்து பார்ப்பவளுக்கு இடது வலது மாறித்தானே தெரியும். இருபத்தொரு வருஷம் ஒயர் வேலை செய்தவள் ஒருதடவைகூட முழு வண்டியோடு வேலை செய்ததில்லை. அந்த லட்சணம் இப்படித்தான் இருக்கும்.

மறுபடி கட்டமுடியாது. மூன்று நாள்தான் இருக்கிறது. ஒயரும் தீர்ந்துவிட்டது.

பக்கத்தில் கவிழ்த்திருந்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை, கையெல்லாம் கிரீஸ். அ. என்ன செய்வது என்று தெரியாமல் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவருக்கு ஆசை காட்டி ஏமாற்றிவிட்டேனே என்றுதான் அதிகம் அழுகை.

அந்த நேரம் பார்த்துச் செ. வந்தார், கோடு போடுகிற ஆளோடு, கையில் அளவு டேப். என்னைப் பார்த்ததும் கோடு போடுகிறவரை அந்தப் பக்கம் போகச் சொன்னார்.

"ஏனுங்க்கா, என்னாச்சுங்?"

"எல்லாம் எதிர்ப்பக்கமா பூட்ச்சு சார். எடதுது வலது. வலதுது எடது. பத்து நாள் வேலை."

குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். இஸ்திரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இத திருப்பிப் போட்டா ஆகாதுங்களா?"

"எத?"

"இதையேதானுங். குப்புறப் போடறது."

"அதெப்படி சார்? அந்த வெள்ளப் புள்ளி மேலதான் இருக்கணும். கீழ போனா ரிஜெக்ட்டு."

"புள்ளி யாருங் வெச்சது?"

"நான்தான்."

மூன்று பேரும் அந்தப் புள்ளியைப் பார்த்தோம். செ. தன் சட்டைக் கையைப் பிடித்துக் காட்டினார்.

"எங்கப்பாரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டருங். எடது கை, வலது கைன்னு தனித்தனியா வெட்ட மாட்டாங்க. எல்லாம் ஒரே பீஸுங். திருப்பிப் போட்டா அந்தக் கை ஆயிருது."

ஒரு பக்கம் செ.வும் மறுபக்கம் அ.வும் பிடித்துத் தூக்கினார்கள். புரட்டினார்கள். இறக்கினார்கள். இடது கிளை இடது விளக்குக்குப் போனது. ஹாரன் ஹாரனுக்கு. அத்தனையும் தன் தன் இடத்துக்கு, ஒரு விரற்கடை கூடக் குறைய இல்லாமல்.

இவ்வளவுதானா என்று ஒரு நிமிஷம் எனக்கு என்மேலேயே கோபம். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தோடு சிரித்தால் மூக்கிலிருந்து சத்தம் வருமே, அப்படிச் சிரித்தேன். அ. பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செ.வும் சிரித்தார், பிறகு தான் செக்ரட்டரி என்பது ஞாபகம் வந்து தொண்டையைச் செருமினார்.

"இருந்தாலும் ஞாயித்துக்கெழம பத்து மணிங்க்கா. ரூல் ரூல்தானுங்."

"சரி தம்பி" என்றேன். அவர் சட்டையில் கறுப்பாக ஒரு கை அடையாளம். என்னுடையதா அ.வுடையதா தெரியவில்லை. நான் துவைத்துத் தருகிறேன் என்றேன், பரவாயில்லைங் என்று ஓடிவிட்டார்.

மாலைவரை கிளிப் மாட்டல். புள்ளி இப்போது கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிப். 13, வெள்ளி

நாள் முழுக்க டெர்மினல் மாட்டல். பின்பக்க ஒயரை டிக்கிவரை இழுத்தாயிற்று. சாயங்காலம் நாலு மணிக்குப் புது பேட்டரி.

நேராக பேட்டரியில் மாட்டக்கூடாது. நடுவே ஒரு பல்பு வைக்கவேண்டும். எங்கேயாவது ஒயர் வண்டியின் இரும்பு உடம்பில் பட்டுக்கொண்டிருந்தால் பல்பு எரிந்து காட்டிக்கொடுக்கும். ஒயரிங் சரியென்றால் எரியாது. வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனேன். எங்கும் பிசகில்லை. பல்பு அணையவில்லை. நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால், அ. டிரைவர் சீட்டில் பரவசமாக உட்கார்ந்திருக்கிறார்.

"கைய எங்க வெச்சுகினு கீறீங்க?"

"ஹாரன்ல."

"எடுங்க!"

எடுத்தார். பல்பு அணைந்தது. அவரைத் திட்டக்கூட நேரமில்லை, பல்பைக் கழற்றிவிட்டு நேராக மாட்டினேன். வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். பார்க்கிங் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே, ஓராள் நிற்கும் இடம்.

"போடுங்க."

இரண்டும் எரிந்தன. மஞ்சளாக, கொஞ்சம் சோகையாக, ஆனால் எரிந்தன. என் நிழல் சுவரில் பெரிதாக விழுந்தது. நான் நகரவில்லை. "ஏறு ஜெசி, இங்க வந்து பாரு" என்று அ. கூப்பிட்டார். "இருங்க, அணைச்சிட்டு இன்னொரு தடவ போடுங்க" என்றேன். போட்டார். இன்னொரு தடவை. ஏழெட்டு தடவை போடச் சொல்லியிருப்பேன். இருபத்தொரு வருஷமாக எத்தனை ஆயிரம் வண்டியில் இப்படி எரிந்திருக்கும், எனக்குத்தான் காட்டவில்லை யாரும்.

பிறகு பின்விளக்குகளைப் பார்க்க நான் பின்னால் போனேன். கூப்பிட்டால் கேட்காது என்று விசிலில் பேச ஒப்பந்தம். ஒரு விசில் பிரேக், இரண்டு விசில் இண்டிகேட்டர். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் செ. பதிவு: "பார்க்கிங்கில் விசில் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். வாகன பரிசோதனை நடைபெறுகிறது." முதல் தடவையாக, 'தானாக நகராத' என்று சேர்க்காமல் எங்கள் வண்டியை வாகனம் என்று எழுதியிருக்கிறார்.

பிப். 14, சனி

பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, புதுசு இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றினோம். எதற்கும் இருக்கட்டும் என்று மெக்கானிக்கும் வந்து, டயருக்குக் காற்றடித்து பிரேக்கைப் பார்த்தார்.

சாவி. முதல் தடவை ஒரு முனகல். இரண்டாவது தடவை இருமல். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. புகையில் மெக்கானிக்கைக் காணோம்.

அ. கத்தின கத்தில் மேல்மாடி ஜன்னல்கள் திறந்தன. பிள்ளைகள் ஓடிவந்தன. முக்கால் மணி நேரம் எஞ்சினை அணைக்கவேயில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வைப்பர் போட்டுக் காட்டினார், மழையே இல்லாமல். பெட்ரோல் முள்கூட ஜோராக எழுந்து நிறைவில் போய் நின்றது. "பாரு ஜெசி, முள்ளு! முள்ளுகூட!" என்று நெகிழ்ந்துவிட்டார்.

கனகாவுக்கு வீடியோ. பதிலுக்கு நாற்பது கைதட்டல் பொம்மை அனுப்பியிருக்கிறாள். எண்ணினேன்.

பிப். 15, ஞாயிறு

பூசை முடிந்து ஓடிவந்தோம். பத்துக்கு ஐந்து நிமிஷம். சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்க்கிங்கில். செ. கையில் நோட்டு, முகத்தில் பரீட்சை ஹால் சூப்பர்வைசர் களை.

"தானா நகரோணுமுங். கேட் வரைக்கும். தள்ளக் கூடாதுங்."

அ. சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். ஒரே தடவையில் பிடித்தது. வண்டி மெதுவாக, ஒரு மகாராணி எழுந்திருப்பது போல அசைந்து வெளியே வந்தது. ஆறு வருஷம் நின்ற இடத்தில் தரையில் நீள்சதுரமாகத் தூசி இல்லாத திட்டு. கேட்டில் இடது இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். செ. நோட்டில் டிக் போட்டார். எங்கள் இடம் எங்களுக்கே. பழைய எண், புதுக் கோடு.

பிறகு அ. செய்த காரியம். கதவைத் திறந்துவிட்டு, "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று செ.வைக் கூப்பிட்டார். அவரும் மறுக்கவில்லை, மனைவி குழந்தையோடு பின்சீட்டில் ஏறிவிட்டார். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு சுற்று. காற்று, தண்ணீர் மேல் நாரைகள், நடைப்பயிற்சிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை ஜன்னல் சுற்றும் கைப்பிடியைவிட்டு கையை எடுக்கவில்லை. அதன் வயதில் பட்டனைத்தான் பார்த்திருக்கும்.

ஏரியின் அந்தக் கோடியில் வண்டி நின்றுவிட்டது.

பெட்ரோல் காலி. முள் இன்னும் நிறைவில்தான் நிற்கிறது.

செ. இறங்கினார். சட்டைக் கையை மடித்தார். பங்க்வரை தள்ளினார், அ. ஸ்டியரிங், நானும் அவர் மனைவியும் கூடத் தள்ளினோம். நடைப்பயிற்சிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். வேர்த்து ஊற்றியது அவருக்கு.

"தம்பி, இப்ப இது தானா நகரலியே" என்றேன், பயந்துகொண்டேதான்.

"வளாகத்துக்கு வெளிய நம்ம ரூல் செல்லாதுங்க்கா" என்றார், மூச்சு வாங்க.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் டேங்குக்கு மாட்டவேண்டிய ஒயர் ஓரமாகத் தொங்குகிறது, என் கையெழுத்தில் பேப்பர் டேப்போடு. ஐம்பத்துமூன்றில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மாட்டிவிட்டேன். முள் சட்டென்று விழுந்து உண்மையைச் சொன்னது. அ.விடம் சொல்லவில்லை, செ.விடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

பிப். 16, திங்கள்

லீவு முடிந்தது. மறுபடி காலைப் பனி. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அ. சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஸ்கூலுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷனாம்.

"ஏறு. அம்பத்தூருக்கு நானு உடுறேன்."

யூனிட் கேட்டில் வண்டி நின்றதும் கனகா ஊரைக் கூட்டிவிட்டாள். லைன் முழுக்க வெளியே. பதினெட்டு பேர், யூனிபார்ம் கோட்டு பொத்தான்கூடப் போடாமல். பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

தலைகள் உள்ளே குனிந்தன. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில்.

"பேட்டரி டெர்மினலு! அது நானு!"

"இங்க பாரேன், கிளிப்பு. ஏழாவது ஸ்டேஷன், நம்ம மேரி."

"ஜெசிக்கா வளைவு இதோ கீது, கண்ண மூடிகினு சொல்லுவேன்."

சுமதி முதல் ஸ்டேஷன். போர்டில் முதல் ஒயரை வைத்து அனுப்பிவிடுவாள், பிறகு அது என்ன ஆகிறது என்று பார்த்ததே இல்லை. பேட்டரிப் பக்கத்திலிருந்து தடித்த ஒயரை விரலால் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தாள். டேப்புக்குள் போனது, அவள் விரலும் மேலேயே போனது. வளைவு, கிளிப், மறுபடி வளைவு, சுற்றிக்கொண்டு முன்பக்கம். ஹெட்லைட் கண்ணாடியில் போய்க் கை நின்றது.

"இவ்ளோ தூரம் போவுதாக்கா?"

சைரன் அடித்தது. யாரும் அசையவில்லை. சூப்பர்வைசர் வேகமாக வந்தார். புது லைன், முதல் நாள், தொலைந்தோம் என்று நினைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது எந்த லைன்ல போட்டது?"

"ஜெசிக்கா ஊட்டு ஹால்ல சார்" என்றாள் கனகா.

அவர் என்னைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சுமதி பக்கத்தில் போய் விளக்குக்கு நேராகக் குனிந்து நின்றார்.

"ஒரு தடவை போடச் சொல்லும்மா. பார்த்துட்டுப் போலாம்."

பதினேழு வருஷமாகச் சூப்பர்வைசர். அவரும் பார்த்ததில்லையாம்.